விலை இல்லாத படிகள்

சித்தூரிலிருந்து பலமனேர் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், மொகிலி மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னால் வருகிற ஊர் பங்காருபாளையம். மாங்காய்ச் சந்தை உள்ள ஊர் என்று விவசாயிகள் அதை அறிவார்கள். வியாபாரிகளுக்கும் தெரியும். பேருந்தில் போகிறவர்களுக்கோ அது ஜன்னலில் வந்து மறையும் ஒரு பெயர்ப்பலகை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை சித்தூர்ச் சீமை வடஆற்காட்டோடு சேர்ந்திருந்தது. அதனால் கடைவீதியில் தெலுங்கும் தமிழும் இன்றும் கலந்தே புழங்குகின்றன. கர்நாடகத்தின் கோலார், முல்பாகல் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வருகிறவர்களில் பலரும் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். பெரிய திருத்தலத்துக்குப் போகும் பாதையில் இருக்கிற சிற்றூர்களின் தலையெழுத்து இதுதான். கடப்பவர்கள் ஆயிரம் பேர், இறங்குபவர்கள் சிலர்.

இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையும் அமைகிறது. 2022 மே மாதம் சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டிய திட்டம் அது. நீளம் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற வடிவமைப்பு. கர்நாடகப் பகுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆந்திரப் பகுதிக்கான பணித் தொகுப்புகளில் இரண்டின் பெயரிலேயே பங்காருபாளையம் இருக்கிறது. ஒன்று அங்கே முடிகிறது, இன்னொன்று அங்கிருந்து தொடங்குகிறது.

அந்தச் சாலையில் நடப்பவருக்கு இடம் கிடையாது. பழைய நெடுஞ்சாலையில் உண்டு, அதாவது இருப்பதாக நடப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தோளில் ஒரு பை, நெற்றியில் நாமம், சிலர் காலில் செருப்பு, சிலருக்கு அதுவும் இல்லை. கோவிந்தா என்று ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். லாரி கடக்கும்போது மண்ணில் இறங்கி நின்று, அது போனபின் மறுபடி தாரில் ஏறுகிறார்கள். காரில் சில மணி நேரத்தில் முடிகிற தூரத்துக்கு இவர்கள் நாள்கணக்கில் செலவிடுகிறார்கள்.

எதற்காக? கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வேண்டுதல். மகனுக்கு வேலை கிடைத்தால் நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டது, மனைவியின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்கு நேர்ந்துகொண்டது. நேர்த்திக்கடன் என்பதில் கடனும் இருக்கிறது, கடன் தீர்ப்பதும் இருக்கிறது. இந்தக் கணக்கில் சாலை என்பது ஒரு விலை. கால்வலியை எண்ணி வைத்தால் தரிசனம் கிடைக்கும்.

கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அது உதைக்கிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர், 3,550 படிகள். பழகிய கால்களுக்கு மூன்று நான்கு மணி நேரம், முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அரைநாளுக்கு மேல். மேலே போனால் வைகுண்டம் வரிசை வளாகத்தில் மணிக்கணக்கான காத்திருப்பு. கடைசியில் சன்னிதிக்கு எதிரே, “ஜருகண்டி” (நகருங்கள்) என்ற குரலுக்கும் தோளில் படுகிற கைக்கும் நடுவே, சில நொடிகள். கொடுத்ததையும் பெற்றதையும் தராசில் வைத்தால் இதைவிட நஷ்ட வியாபாரம் உலகத்தில் இருக்காது. ஆனால் வெளியே வந்து லட்டு வரிசையில் நிற்பவர்களில் ஏமாந்த முகத்தைப் பார்ப்பது அரிது. அடுத்த வருடமும் வருவேன் என்கிறார்கள். அப்படியானால் அவர்கள் வியாபாரம் என்று சொன்னாலும் செய்தது வியாபாரம் இல்லை. வாயில் வருகிற கணக்கு ஒன்று, காலுக்குத் தெரிந்த கணக்கு வேறு.

அந்த இன்னொரு கணக்கைத் தமிழ் மிகப் பழைய காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறது, அதுவும் இந்த மலையை வைத்தே. தொல்காப்பியப் பாயிரத்துக்கு வேங்கடம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை. அகநானூற்றில் மாமூலனார் பாடல்களில் வரும் வேங்கடம், புல்லி என்ற தலைவனுக்கு உரிய காட்டுநாடு. பொருள் தேடிப் போகும் தலைவன் அதைக் கடந்து வேற்றுமொழி பேசும் நாட்டுக்குப் போகிறான்; வீட்டில் இருப்பவள் அவன் போன வழியின் வெம்மையை எண்ணி வருந்துகிறாள். அங்கே வேங்கடம் கடக்க வேண்டிய இடம் மட்டுமே. போகிற காரியம் வேறெங்கோ இருக்கிறது. சில நூற்றாண்டுகள் கழித்து ஆழ்வார்கள் வருகிறார்கள். மலை அதேதான், அருவியும் மூங்கிலும் யானையும் அதேதான். ஆனால் இவர்கள் கடக்க வரவில்லை, தங்க வந்தவர்கள்.

தங்குவது என்றால் எப்படி? குலசேகர ஆழ்வார் இதற்கு ஒரு பட்டியலே கொடுக்கிறார். சேர நாட்டு அரசர் என்று மரபு சொல்லும் அவர், பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தில், யானை மேல் வரும் செல்வமும் அரசும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வேங்கடத்தில் தான் என்னவாக இருக்க விரும்புகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஏரியில் வாழும் குருகாக, சுனை மீனாக, செண்பக மரமாக, மலைச்சிகரமாக, காட்டாறாக. பக்தர்கள் நடந்து போகும் வழியாகவே கிடந்தாலும் போதும் என்று ஒரு பாட்டு. சன்னிதி வாசலில் படியாகக் கிடக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. கடைசியில், எதுவாக இருந்தாலும் சரி என்று முடித்துவிடுகிறார். பெருமாள் கோயில்களில் கருவறை வாசற்படிக்குக் குலசேகரப் படி என்று பெயர் வந்தது இதனால்தான்.

படியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதற்கு முந்தைய வேண்டுகோள்தான் வியப்பானது. வழி எங்கும் போய்ச் சேருவதில்லை. பிறர் போய்ச் சேர்வதற்காகக் கிடக்கிறது. ஒரு அரசர் அந்தப் பிறவியைக் கேட்கிறார் என்றால், அவருக்குத் திருமலை என்பது உச்சியில் இருக்கிற ஒரு புள்ளி இல்லை. அடிவாரத்திலிருந்தே அது தொடங்கிவிட்டது.

திருமலையைச் சுற்றிப் பின்னால் வளர்ந்த கதைகளும் இதையே வேறு விதங்களில் சொல்கின்றன. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408இல் பிறந்தவர். எட்டு வயதில் வீட்டை விட்டுத் திருப்பதிக்குக் கிளம்பினார் என்பது அவர் வரலாற்றில் வருகிற செய்தி. மொகாலி மெட்டு என்கிற செங்குத்தான படிகளின் அருகே பசியும் களைப்பும் தாங்காமல் ஒரு மூங்கில் புதரடியில் சாய்ந்து தூங்கிவிட்டார். தாயார் அலர்மேல்மங்கை ஒரு முதிய பெண்ணாக வந்து சோறு கொடுத்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றச் சொன்னாளாம். அந்த இடத்தில் பையன் பாடத் தொடங்கினான். பிற்காலத்தில் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் பாதுகாக்கும் அளவுக்குப் பெருகிய கீர்த்தனைகளின் ஊற்று சன்னிதியில் திறக்கவில்லை. ஏற முடியாமல் உட்கார்ந்த இடத்தில் திறந்தது.

திருமலை நம்பியின் கதை அதற்கும் முந்தியது. இராமானுஜரின் தாய்மாமன். நாள்தோறும் பாபவிநாசத்துக்குப் போய்ப் பெருமாள் திருமஞ்சனத்துக்குக் குடத்தில் நீர் சுமந்து வருவது அவருடைய தொண்டு. ஒருநாள் வழியில் ஒரு வேடன் எதிர்ப்பட்டுத் தாகம் என்று கேட்டான். சுவாமிக்கு உரிய நீர், தர முடியாது என்றார் நம்பி. வேடன் பின்னாலேயே வந்து குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டானாம். கலங்கி நின்றவருக்கு, பக்கத்திலேயே அம்பெய்து ஒரு நீரூற்றைக் காட்டினான். அது ஆகாச கங்கை. வேடன் யார் என்பது நம்பிக்குப் பிறகுதான் விளங்கியது. இன்றும் திருமலையில் ஆண்டுதோறும் தண்ணீரமுது உற்சவம் என்று அந்த நிகழ்ச்சியைக் கொண்டாடுகிறார்கள்.

அனந்தாழ்வானும் அப்படித்தான். பூத்தொண்டு செய்ய இராமானுஜரால் அனுப்பப்பட்டுத் திருமலையில் குடியேறியவர். நந்தவனத்துக்கு ஏரி வெட்டும்போது, கருவுற்றிருந்த மனைவிக்கு மண் சுமக்க ஒரு சிறுவன் கைகொடுத்தான். தம் தொண்டில் அந்நியர் பங்கு வேண்டாம் என்று கோபத்தில் அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது பையனின் மோவாயில் பட்டது. அன்று மாலை கோயிலில் மூலவரின் மோவாயில் ரத்தம். பச்சைக் கற்பூரம் வைத்துக் கட்டினார்கள். கோயில் முகப்பில் அந்தக் கடப்பாரை இன்னும் தொங்குகிறது. பெருமாள் திருமுகத்தில் கற்பூரப் பொட்டும் இருக்கிறது.

மூன்று கதைகளையும் வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது. தெய்வம் மூன்று முறையும் கருவறைக்கு வெளியே வந்திருக்கிறது. படியில், தண்ணீர் தூக்கும் பாதையில், மண் வெட்டும் இடத்தில். மூன்று முறையும் எதிரே நின்றவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் நம்பிக்கும் அனந்தாழ்வானுக்கும் ஒன்றேதான். கையில் ஒரு வேலை இருந்தது, அது முடிய வேண்டும் என்ற பரபரப்பு இருந்தது. அதுவும் இறைவனுக்கான வேலை! பக்தியின் அவசரமும் அவசரம்தான் என்று இந்தக் கதைகளைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு கனமான தத்துவ விவாதம் இருக்கிறது. வைணவம் உபாயம், உபேயம் என்று இரண்டைப் பிரித்துப் பேசும். உபாயம் என்பது அடையும் வழி, உபேயம் என்பது அடைய வேண்டிய பொருள். ஸ்ரீவசன பூஷணம் எழுதிய பிள்ளை லோகாசாரியார் மரபில் இரண்டுமே பெருமாள்தான். மனிதன் செய்கிற எதுவும் அவனை அங்கே கொண்டு சேர்க்கும் கருவி ஆகாது. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதுபோல் இறைவன் தூக்கிக்கொள்கிறான் என்பது தென்கலையார் சொல்லும் உவமை. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிற அளவுக்காவது நம் பக்கத்திலிருந்து ஒரு பிடி வேண்டும் என்பார்கள் வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார். எழுநூறு வருடமாக நடக்கிற இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் சரணடைந்தபின் செய்கிற தொண்டு விலை அல்ல என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. அது கைங்கரியம். செய்வதிலேயே அனுபவம் முடிந்துவிடுகிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் பங்காருபாளையம் சாலையில் நடப்பவர் எதையும் சம்பாதிக்கவில்லை. நடை அவருக்குத் தரிசனத்தைப் பெற்றுத்தராது. நடையே தரிசனத்தின் ஒரு பகுதி. ஏழுமலையும் ஆதிசேஷனின் உடல் என்று கருதியதால் அதன்மேல் கால் வைக்க இராமானுஜர் தயங்கினார், ஆழ்வார்களே ஏறாத மலை என்று அடிவாரத்தில் நின்றார், அடியார்கள் வற்புறுத்திய பிறகே ஏறினார், அதையும் முழங்காலால் ஏறினார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. மொகாலி மெட்டில் இன்றும் முழங்காலால் ஏறுகிறவர்கள் உண்டு. அதே இராமானுஜர் அலிபிரியில் ஓராண்டு தங்கி, மேலிருந்து தினமும் இறங்கி வந்த திருமலை நம்பியிடம் இராமாயணப் பொருள் கேட்டார் என்பதும் மரபு. உச்சிக்குப் போகும் அவசரம் அந்த ஓராண்டில் எங்கும் தெரியவில்லை.

மராட்டியத்தின் வாரகரிகள் இதை இன்னும் வெளிப்படையாக வாழ்ந்து காட்டுகிறார்கள். ஞானேசுவரரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர், மூன்று வாரம் நடக்கிறார்கள். ஆஷாட ஏகாதசியன்று போய்ச் சேர்ந்தபின், கூட்டத்தில் உள்ளே போக முடியாமல், கோயில் கலசத்தைக் கண்டு கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். மூன்று வாரம் நடந்தவர் மூலவரைப் பார்க்காமல் திரும்புகிறாரே என்று பார்ப்பவர்தான் பதறுகிறார். நடந்தவர் பதறுவதில்லை. மானுடவியலாளர் இராவதி கர்வே இந்த நடையில் தாமும் சேர்ந்து நடந்து எழுதிய கட்டுரையிலும், யாரோடு நடந்தார்கள், எப்படிச் சமைத்தார்கள், எந்தச் சாதியார் தனியே உட்கார்ந்து உண்டார்கள் என்பதே முக்கியமாகிறது. வழியைக் கூர்ந்து பார்த்தால் அதன் அழகோடு அதன் அசிங்கமும் கண்ணில் படும் என்பதை அவர் மறைக்கவில்லை.

சென்னையிலும் இப்படி ஒரு பயணம் உண்டு. புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்காகப் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருமலைக்குக் கிளம்பும் வெண்பட்டுத் திருக்குடைகள். காரில் மூன்று நான்கு மணி நேரத்தில் போகலாம். குடைகளுக்கு நாள்கள் ஆகும். யானைக்கவுனி தாண்டுவதற்கே ஊர் முழுக்கக் கூடி நிற்கிறது. வில்லிவாக்கம், திருவள்ளூர் என்று நின்று நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் மலைக்குப் போக முடியாதவர்கள் வழியில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் குடை வருவதே திருப்பதி வருவது. வேகமாகப் போனால் குடை சீக்கிரம் சேரும், ஆனால் எதற்காகக் கிளம்பியதோ அது நடக்காது.

இவை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மறுக்கக்கூடிய ஒருவரும் இந்த மண்ணில்தான் பிறந்தார். பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. உலககுருவாக வளர்க்கப்பட்டவர், 1929 ஆகஸ்ட் 3ஆம் நாள் நெதர்லாந்தின் ஒம்மென் நகரில், தமக்காகவே உருவாக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தைக் கலைத்தார். உண்மைக்குப் போய்ச் சேரப் பாதை எதுவும் இல்லை, எந்த மதமும் எந்த அமைப்பும் அங்கே கூட்டிப்போக முடியாது என்பது அவர் அன்று சொன்னதன் சாரம். படியேறுகிறவரைப் பார்த்தால் அவர் என்ன கேட்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. நாளைக்கு ஏதோ ஆகப்போகிறோம் என்ற ஆசைதானே இந்த நடை? அந்த ஆசை இருக்கும்வரை இப்போது எதிரே இருக்கும் மரத்தைப் பார்க்க முடியுமா?

அவர் பெயரோடு வளர்ந்த ரிஷி வேலி பள்ளியில் அஸ்தாசல் என்று ஒரு வழக்கம் உண்டு. மாலையில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பேசாமல் பார்க்கிறார்கள். மதிப்பெண் கிடையாது, மந்திரமும் கிடையாது. லோகாசாரியாரும் கிருஷ்ணமூர்த்தியும் ஒரே மேடையில் அமர்ந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே சண்டை வந்திருக்கும். ஒருவருக்கு எல்லாமே இறைவன், இன்னொருவருக்கு அந்தச் சொல்லே சந்தேகத்துக்கு உரியது. இருந்தாலும் முயற்சியை விலையாக்கி நாளைய பலனை வாங்கலாம் என்ற எண்ணத்தை இருவருமே ஏற்கவில்லை. எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே கடையைத்தான் மூடச் சொல்கிறார்கள்.

இதற்கு மேல் போனால் பேச்சு வெறும் உபதேசமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. நிதானமே நல்லது, மெதுவாக வாழுங்கள் என்று பங்காருபாளையம் சந்தையில் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புகளில் பெரும்பகுதி தோத்தாபுரி, அதாவது நம் ஊர்க் கிளிமூக்கு மாங்காய். அது போகிற இடம் பழக்கூழ் ஆலைகள். 2025 பருவத்தில் விலை விழுந்தபோது ஆலை வாசல்களில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. மாநில அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவித்தது. ஜூலையில் முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி வந்தபோது இந்தச் சந்தை நாடு முழுக்கச் செய்தியானது. டிராக்டரின் நிழலில் படுத்துக் காத்திருந்த விவசாயியும் மெதுவாகத்தான் வாழ்ந்தார். காய் பழுத்து அழுகிக்கொண்டிருந்தது. அந்த மெதுவில் எந்த அருளும் இல்லை.

திருப்பதியிலேயே இதன் கொடிய வடிவத்தையும் பார்த்தாயிற்று. 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவு, வைகுண்ட வாசல் தரிசனச் சீட்டுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். பகலெல்லாம் காத்திருந்தவர்கள் அவர்கள். பொறுமை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சீட்டு குறைவு, ஆள் அதிகம், கதவு திறக்கும் நொடியில் முந்தினால் கிடைக்கும் என்ற நிலை. வழியை விலையாக்கியபின் விலை ஏறிக்கொண்டே போகும், கடைசியில் உயிர்வரை கேட்கும். நடந்து வருபவருக்குத் தனித் தரிசனச் சீட்டு என்ற நல்லெண்ண ஏற்பாட்டிலும் இந்த முரண் ஒட்டிக்கொள்கிறது. திருமலைக்கு ஏறும் இன்னொரு பாதையான ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,400க்குச் சற்றுக் குறைவான படிகள். கிருஷ்ணதேவராயர் சந்திரகிரியிலிருந்து போன வழி என்று சொல்வார்கள். சீட்டு தீர்வதற்குள் பிடிக்க வேண்டும் என்று அதில் சிலர் ஓடியதுண்டு. ஓடுவதில் தவறில்லை. ஆனால் காட்டின் நடுவே, கண்ணைப் படியிலும் மனதைச் சீட்டிலும் வைத்து ஓடுகிறவர் காரில் போகிறவரைவிட வேகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

ஆக, வேகம் குறைவு என்பதில் தனியாக ஒரு புனிதமும் இல்லை. டிராக்டர்காரரிடமிருந்து அவருடைய நேரம் பிடுங்கப்பட்டது. படியேறுகிறவர் தம் நேரத்தைத் தாமே கொடுத்தார். அதனால்தான் அலிபிரிப் பாதையில் கிடைக்கிற சின்னச் சின்ன நிகழ்ச்சிகளுக்கு இடம் உண்டாகிறது. தொடக்கத்திலேயே பாதுகைகளைத் தலையில் வைத்துச் சுற்றுகிறவர்கள், கால்வலி வராதிருக்க அனுமன் உருவம் செதுக்கிய பாறையில் முழங்காலை ஒற்றிக்கொள்கிறவர்கள், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டு குனிந்த முதுகோடு ஏறும் பெண்கள். இறங்கி வருகிறவரை நிறுத்தி, “இன்னும் எவ்வளவு சாமி?” என்று கேட்டால், “இதோ, கொஞ்ச தூரம்தான்” என்ற பதிலே வரும். ஆயிரம் படி இருந்தாலும் அதே பதில். பொய் என்று இருவருக்கும் தெரியும். ஏறுகிறவருக்கு அது போதும்.

முதியவர்கள், நோயாளிகள், ஒரே ஒருநாள் விடுப்பு கிடைத்த தொழிலாளிகள் பேருந்தில்தான் போக முடியும். 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும்வரை நடக்க முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போனார்கள். தூக்கியவர்களின் தோளுக்கு அந்த மெதுநடை தியானமாக இருந்திருக்காது. 1974இல் இரண்டாவது சாலையும் வந்தது. இவற்றைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குலசேகரர் பட்டியலிலும் நடக்கிறவை எத்தனை? மீன் நடக்காது, மரமும் சிகரமும் நடக்காது, வழியும் படியும் கிடந்த இடத்தில் கிடக்கும். அவர் கேட்டது கால்களை அல்ல, அங்கே இருப்பதை. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்க்கிறவருக்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கும்.

நடையைக் கனவாக்கிப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. பிறகு பகல் 2 மணிக்குமேல் சிறுவர்களை ஏறவிடாமல் கட்டுப்பாடு வந்தது, கையில் தடி கொடுத்தார்கள், கூட்டமாகப் போகச் சொன்னார்கள். சாலையிலும் ஆபத்து குறைவில்லை. 2024 செப்டம்பரில் பங்காருபாளையத்தை அடுத்த மொகிலி மலைப்பாதையில் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் இறந்தார்கள். அந்த வளைவுகளின் ஓரத்தில்தான் பாத யாத்திரைக்காரர்களும் நடக்கிறார்கள்.

வழியும் வழிபாட்டில் சேர்ந்தது என்று உண்மையாகவே நம்பிய காலத்து மனிதர்கள் அதைப் பாட்டில் மட்டும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், சத்திரம் கட்டினார்கள், தலைச்சுமையை ஒருவர் துணையில்லாமல் இறக்கி ஏற்றச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் கோட்டைகளால் அல்ல, சாலைகளாலும் சத்திரங்களாலும்தான் நின்றது. அலிபிரிப் படிகளை 17ஆம் நூற்றாண்டில் மட்லி அனந்தராஜர் கட்டினார் என்பார்கள். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பிறந்த வெங்கமாம்பா 18ஆம் நூற்றாண்டில் திருமலையில் தங்கிப் பாடியவர். யாத்திரிகர்களுக்குச் சோறும் தண்ணீரும் கிடைக்க ஏற்பாடு செய்தவர் என்றும் அவரைச் சொல்வார்கள். இன்று தேவஸ்தானத்தின் பெரிய அன்னப்பிரசாதக் கூடத்துக்கு அவர் பெயர்தான். மலைமேல் வந்து சேர்ந்தவருக்கு உணவு இல்லை என்ற நிலை இப்போது கிடையாது.

மலைக்கு வெளியே நிலை அப்படி இல்லை. பலமனேரிலிருந்து பங்காருபாளையம் வழியாகச் சித்தூர்வரை நடக்கிறவருக்கு இரவில் படுக்க ஒரு கூரை, பெண்களுக்குக் கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், மொகிலி வளைவுகளில் லாரிக்கும் காலுக்கும் நடுவே ஒரு தடுப்பு தேவை. விரைவுச்சாலை முழுதாகத் திறந்து கனரக வண்டிகள் அதற்கு மாறினால் பழைய சாலையில் இவற்றுக்கு இடமும் கிடைக்கும். புரட்டாசிக்கு முன் இதைச் செய்து முடிப்பது கோயில் திருப்பணியா, நெடுஞ்சாலைத் துறையின் வேலையா என்று கேட்டால் இரு தரப்பும் கோப்பை எதிர்மேஜைக்குத் தள்ளிவிடலாம். வழியாகக் கிடக்க வேண்டும் என்று பாடியவரின் பெயரைத் தினமும் வாசற்படியில் தாண்டிப் போகிற ஒரு மரபு, அந்தக் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் முறை.